பட்டணத்து ஓட்டலில் பதினோரு நாள்

யுத்த காலத்தில் ஒருநாள், புதுக்கோட்டையிலிருந்து குன்றாண்டார்கோவில் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மெட்ராஸுல தொரைமாருங்க தங்குற பெரிய ஓட்டல்ல பதினோரு நாள் இருந்தேங்க்கா," என்றாள் இளையவள்.

"குடுத்து வச்சவ! எப்புடி?"

"ஜமீன் வீட்டுப் பிள்ளைக்குப் பால் குடுக்கக் கூட்டிட்டுப் போனாங்க. மெத்தையிலதான் படுக்கச் சொன்னாங்க."

"ஒம் பிள்ளை?"

"தங்கச்சிகிட்ட விட்டுட்டுப் போனேன். காய்ச்சல் வந்து, நான் போன ஆறாம் நாளே போயிருச்சாம். தந்தி வந்திருக்கு. சொன்னா எனக்குப் பால் வத்திரும்னு மறைச்சுட்டாங்க. இப்ப பஸ் ஏத்திவிடும்போதுதான் சொன்னாங்க."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆறாம் நாளு நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேங்க்கா. ஒண்ணுமே ஞாபகம் வரமாட்டேங்குது."