மூன்று பல்சக்கரங்கள்

செவ்வாய்க்கிழமை காலை 8.40க்கு மன்னார்குடியில் புறப்பட்ட தஞ்சாவூர் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில், மலையேறும் கியர் சைக்கிளிலிருந்து கழற்றிய மூன்று பல்சக்கரங்கள் இருந்தன. கடையில் மாதிரி காட்டக் கொண்டுபோகிறார்.

“மூணையும் செட்டா வாங்கினாத்தாம்மா லாபம்,” என்றார்.

மனைவி ஒவ்வொன்றாக வாங்கி, கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பெருசு சுறாப்பல்லு மாதிரி தேஞ்சுபோச்சு, மாத்துங்க. நடுவுல உள்ளது இன்னும் ரெண்டு வருஷம் வரும். சின்னது புதுசாவே இருக்கே?”

“அது மலை ஏத்தத்துக்கு. நம்ம ஊர்ல அதுக்கு வேலை ஏது?”

“ஞாயித்துக்கிழமை ஆபீஸ்காரங்களோட சைக்கிள்ல கொல்லிமலை ஏற பேரு குடுத்திருக்கீங்களே, இதுலதானே மிதிக்கணும்?”

“ஆமா.”

“ஒரு தடவையாவது இதுக்கு கியர் மாத்தியிருக்கீங்களா?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நடவு முடிந்த வயல், கண்ணுக்கு எட்டியவரை மட்டமாகக் கிடந்தது.

“இல்ல.”

“அப்ப பெருசை மட்டும் வாங்குங்க. சாயங்காலமே ரயில்வே மேம்பாலத்துல ஏறிப் பழகுங்க.”

“அங்க தெரிஞ்சவங்க எல்லாரும் பாப்பாங்களேம்மா.”

“கொல்லிமலையில தள்ளிக்கிட்டுப் போனாலும் பாப்பாங்க.”