பாடகிக்குப் பக்கத்தில் வளர்ந்த பசு

விசென்ஸா நகரின் சான் ஃபெர்மோ இசைநாடக அரங்கில் முப்பத்தோராண்டுகள் கடலும் கானகமும் நரகமும் நந்தவனமும் தீட்டி, இன்று பணிநிறைவு பெறும் தலைமைக் காட்சி ஓவியர், இயற்கையை இழுத்துவந்து இரும்புக் கொக்கியில் தொங்கவிட்ட ஏந்தல், எர்கோலே வெந்துரின் ஐயா அவர்களுக்கு, கயிறிழுப்போரும் தச்சரும் மெழுகுத்திரி ஏற்றுவோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தளிக்கும் மடல்.

புயலுக்குப் பொறுப்பேற்ற பெருந்தகையே!

தாங்கள் வருமுன் இவ்வரங்கின் கடல் ஒரு நீலத் துணி. அதை ஆட்ட இருவர். தாங்கள் வந்தபின் உருளைகளில் அலை புரண்டது. தகரத்தில் இடி இடித்தது. முன்வரிசைச் சீமாட்டிகள் மூவர் முறை தவறாமல் மயங்கினர். மேடையில் கார்த்தேஜ் நகரைப் பதினான்கு முறை எரித்தீர்கள்; அரங்கை ஒருமுறைகூட எரிக்கவில்லை. இதனை எளிதென்று எண்ணும் எவரும் மெழுகுத்திரி ஏற்றியதில்லை.

மாட்டுக்காக மல்லுக்கு நின்ற மாண்பே!

அவையெல்லாம் பிறர் கேட்டு வரைந்தவை. கடைசி நாடகத்துக்கு மட்டும் தங்கள் சொந்த ஊரான ஃபெல்த்ரேயின் மலைச்சரிவை மூன்று மாதம் பார்த்துப் பார்த்துத் தீட்டினீர்கள். தூரத்து மேய்ச்சலில், முயல் அளவில் ஒரு பழுப்புப் பசு. தாம் அழுது பாடும்போது எல்லாரும் பசுவையே பார்க்கிறார்கள் என்று முதன்மைப் பாடகி லுக்ரேசியா பன்ஃபி அம்மையார் ஒத்திகையிலேயே முறையிட்டார். பசு போகாது என்றீர்கள். முதல் நாளில் யாராவது சிரித்தால் ஓவியச் சீலையைக் கழுவிவிட்டுப் பழைய அரண்மனையை வரையவைக்கப்போவதாக மேலாளர் ஸனெல்லா அறிவித்தார்.

முதல் நாளும் வந்தது. இரண்டாம் அங்கத்தில் அம்மையார் பசுவைப் பாவாடையால் மறைக்க எண்ணி, நேரே சீலையருகே போய் நின்றார். தொலைவாக வரைந்ததை ஆள் நெருங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். சிகரங்கள் அவர் தோளுக்குக் கீழே போயின. மேல்மாடத்திலிருந்து ஒருவர், "பாத்தும்மா, மலைய மிதிச்சிடாதீங்க" என்றார். அரங்கமே குலுங்கியது.

மூன்றாம் அங்கமும் அதே சரிவில்தான். திரை இறங்கியதும் ஸனெல்லா தண்ணீர் வாளிகளோடு வந்துவிட்டார். அம்மையார் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். தாங்கள் திட்டுவீர்கள் என்று ஆவலோடு கூடினோம். ஏமாற்றினீர்கள்.

"மறுபடியும் அங்கயேதான் நிப்பீங்களா, தாயீ?"

"நிப்பேன். ஒரு மாட்டுக்குப் பயந்து தள்ளி நிக்கிற ஆளில்ல நான், பெரியவரே."

"அப்ப நேரா நில்லுங்க. அளவெடுத்துக்கறேன்."

முன்திரைக்கு அப்பால் இடைவேளை நடனம் நாற்பது நிமிடம் துள்ள, இப்பால் நால்வர் ஏணி பிடிக்க, வாளிக்காரர் வாய் பிளக்க, அந்தப் பசுவை அம்மையாரின் தோளுயரத்துக்கு வளர்த்தீர்கள்! காலடியில் புல் முளைத்தது. மூன்று மாதச் சிகரங்களை மூடுபனியால் தாங்களே மூடினீர்கள். "சிகரமெல்லாம் போகுதே" என்று பதறினோம். "எங்க ஊர்ல பாதி நாள் இப்படித்தான் இருக்கும், விடுங்கப்பா" என்றீர்கள்.

திரை எழுந்தது. ஈரம் காயாத பசுவின்மீது சாய்ந்து அம்மையார் பாடினார். மலையில் தனித்து நிற்கும் ஒரு பெண்ணைத்தான் ஊர் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டல் எழுந்ததும், பசுவின் சாயம் ஒட்டிப் பழுப்பேறிய பட்டுச் சட்டைக்கையோடு அவர் தங்களைத்தான் முதலில் மேடைக்கு இழுத்தார். வாளிகளை ஸனெல்லாவே திரும்பத் தூக்கிச் சென்றார்.

சாயத்தைச் சரித்திரமாக்கிய சான்றோரே!

நாளை ஃபெல்த்ரேக்குப் புறப்படுகிறீர்கள். ஏணியில் தேய்ந்த முழங்கால்கள் இளகட்டும். கண்ணொளி நூறாண்டு நிலைக்கட்டும். பனி விலகிய காலைகள் பல வாய்க்கட்டும். இனித் தாங்கள் தீட்டும் எந்த மலையின் முன்னாலும் எவரும் வந்து நின்று பாடாதிருக்கட்டும்!

இங்ஙனம்,
ஏணி பிடித்த நால்வரும்
ஏனைய அரங்கப் பணியாளரும்
சான் ஃபெர்மோ அரங்கு, விசென்ஸா, 1768