பாதி விலை வெளிச்சம்

மின்சாரத்தை மூட்டை கட்டி வைத்து விற்க முடியாது, ஐயா. உண்டாகும்போதே யாராவது எரிக்க வேண்டும். எரிப்பவர்கள் கூடினால் விலை இறங்கும், குறைந்தால் ஏறும். குளச்சலில் எங்கள் மின்சாரக் கம்பெனிக்கு ஆறு வருடம் மேனேஜராக இருந்தேன். இதை வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

ஐம்பத்திரண்டில் அரிசி மில் பொன்னுலிங்கம் எங்கள் இணைப்பை விட்டார். சொந்தமாக எண்ணெய் எஞ்சினும் டைனமோவும் வாங்கி மில்லை ஓட்டினார். சாயங்காலம் விளக்கெரிக்கப் பக்கத்துத் தெருவுக்கும் கம்பி இழுத்துக் கொடுத்தார். பாதி விலை. பகலில் எங்களிடம் மின்சாரம் வாங்கிய பெரிய ஆள் அவர் ஒருவர்தான். அவர் போனதும் மற்றவர்களுக்கு விலையை ஏற்ற வேண்டியதாயிற்று. ஏற்றியதும் இன்னும் சிலர் அவரிடம் போனார்கள்.

அந்தத் தெருவுக்கு மட்டும் குறைத்துப் பார்த்தேன். டைனமோ மின்சாரம் ஆபத்து என்றும் சொல்லிப் பார்த்தேன். மில்லில் எஞ்சின் ஓட்டும் அல்போன்சின் மனைவி செசிலி, பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணாச்சி பாதி வெலைக்குத் தாறாரு. ஒங்களுக்கு ஏன் முடியல்ல, சாரே?"

நியாயமான கேள்வி. எல்லோரும் திரும்பி வந்தால் எனக்கும் முடியும். வருவதற்கு அவர்களுக்கு ஒரு பயம் தேவைப்பட்டது.

அந்த ஞாயிறு காலை தெருவே பூசைக்குப் போயிருந்தது. எஞ்சின் ஓடவில்லை. அல்போன்ஸ் வீட்டுக் கூரையோரம் வந்த கம்பியின் ரப்பரைப் பேனாக்கத்தியால் விரல் நீளம் சீவி, துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் படும்படி வளைத்துவிட்டேன். மதியம் மழை பெய்து முற்றம் ஈரமாகக் கிடந்தது. ஆறு மணிக்கு எஞ்சின் ஓடத் தொடங்கியபோது, நனைந்த துணியை எடுக்க வந்தது செசிலி.

போலீஸ் பொன்னுலிங்கத்தைக் கொண்டுபோனது. தெருவும் அவரைத்தான் சந்தேகப்பட்டது. அல்போன்ஸ் மட்டும் கல்லறைத் தோட்டத்தில் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னான்: "ரப்பரு தானா உரியல்ல, சாரே. ஆரோ சீவியிருக்கு."

"உம்ம முதலாளிகிட்ட கேளும்" என்றேன். அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றே உங்களிடம் வந்திருக்கிறான். என் மேசையிலிருந்து நீங்கள் எடுத்துக் காட்டும்வரை, கத்தியில் ரப்பர் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

நீங்கள் என்னைத் தேடி வருவதற்கு முன்பே, ஒரு மாதத்துக்குள் தெரு முழுவதும் எங்களிடம் வந்துவிட்டது. சொன்னபடியே விலையைக் குறைத்தேன்.

அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள். அடக்கத்தன்று புது இணைப்புக்கான விண்ணப்பங்கள் என் பையில் இருந்தன. கல்லறைத் தோட்டத்துக்குள் ஒருவரிடமும் நீட்டவில்லை. வாசலுக்கு வெளியே வந்த பிறகுதான் கொடுத்தேன்.