ஓடுபாதையின் மறுமுனையில் ஒரு கறுத்த குடை

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் மோட்டார் விளையாட்டுக் கழகத் தலைவர் பிரகலாதன் அவர்களே, வட்டுக்கோட்டையிலிருந்து வந்து ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடக்கிவைத்த போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த மிஸ்ஸிக்கு மகள் முறையான பெறாமகள் மிரியம் பிள்ளை, கடமை முடிந்து சீருடையோடு நேரே வந்திருக்கும் தாதியரே, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்சுவரோடு நிற்கும் என் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் கொடிகாமம் தம்பிராசாவின் வணக்கம். மாலை வணக்கம் என்று சொல்லத்தான் எழும்பினேன். நல்ல மாலை என்று எதைச் சொல்ல?

யாரை இழந்து இங்கே கூடியிருக்கிறோம்? ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் திருமதி மியூரியல் சிமியோன் அவர்களை. பிறந்தது வட்டுக்கோட்டை, வாழ்க்கைப்பட்டு வந்தது கொடிகாமம். முப்பத்தாறு வருடம் வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில் நின்றவர். ஊரில் யாரும் அவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் மியூரியல் மிஸ்ஸி. இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எழுபத்தோராவது வயதில், தன் வீட்டுக் குசினியில் தனியே விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்றார்கள்.

வருகிற இருபத்தேழாம் திகதி எங்கள் ஒன்பதாவது டிராக் றேஸ். வயல்வெளிக்கு நடுவே நேராகக் கிடக்கும் அந்தக் கால் மைல் வீதியைப் பொலிசாரின் அனுமதியோடு அடைத்து, ஒரு தடவைக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்களாக விடுகிறோம். இந்த வருடம் நடத்துவதா, விடுவதா? மறுமுனையில் மிஸ்ஸி இல்லாமல் எப்படி வண்டி விடுவது என்று கழகத்தில் பாதிப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலை நீயே சொல்லு என்று தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முதல் நான் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னர் ஒருநாள் மிஸ்ஸி என் கராஜுக்கு வந்தார். வந்த வேகத்தில் எனக்குப் பேச்சு விழுந்தது. அந்த ஒரே மாதத்தில் மூன்று பெடியள், மூன்று பேரும் நேர் றோட்டில் போட்டிக்கு ஓடி விழுந்தவர்கள், மூன்று பேரையும் அவர்தான் வைத்தியசாலைக் கட்டிலில் ஏற்றியிருக்கிறார். "உவங்கடை வண்டிக்கு வேகம் கூட்டிக் குடுக்கிறது நீங்கள்தானே?" என்று கேட்டார்.  எனக்கும் கோபம் வந்தது. நான் பூட்டாவிட்டால் இன்னொருவன் பூட்டுவான், மறித்தால் மட்டும் நிற்பாங்களா, தெற்கிலே இதையே றோட்டை அடைத்து ஒழுங்காகச் செய்கிறார்களாம் என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.  மிஸ்ஸி, அப்ப அதைக் காட்டுங்கோ என்றார்.

அப்படித்தான் போனோம். வான் ஒன்று பிடித்து, மிரியம் பிள்ளையும் வர, தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதைக்கு. முப்பது வருடம் எஞ்சின் பிரித்துப் பூட்டியவன் நான். கராஜில் என்னைப்போல் வாய் காட்ட ஆள் கிடையாது. ஆனால் சபையோரே, டிராக் றேஸ் ஒன்றை என் கண்ணால் நேரில் கண்டது அன்றுதான் முதல்தடவை. அந்த முதல் ஓட்டத்தை நான் எப்படிப் பார்த்தேன் தெரியுமா? பார்க்கவே இல்லை. வெளிக்கிட எப்படியும் நேரமெடுக்கும் என்று இடியப்பப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சுக்கூடு அதிரும்படி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேரும் தூரத்தில் இரண்டு புள்ளி. பன்னிரண்டு செக்கன். சம்பலைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாயைப் பிளந்தபடி நிற்க, மிரியம் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது.

இரண்டாவது ஓட்டத்தைக் கண் வெட்டாமல் பார்த்தேன். கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கி வர, பச்சை விழமுதலே ரயர் புகைந்தது. ரப்பர் எரிந்த மணம் தொண்டையில் போய் நின்றது. முன்சில்லு நிலத்தில் படாமல் ஒருத்தன் போனான். நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினேன். கத்தி முடியத்தான் நினைவு வந்தது, மூன்று வருடமாக என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. என் மகன் கீர்த்திகன் செத்த பிறகு வந்ததே இல்லை. உடனே எனக்கு என்னிலேயே வெறுப்பு வந்தது. திரும்பி மிஸ்ஸியைத் தேடினேன். ஆளைக் காணவில்லை.

ஆயிரம் பேர் தொடக்கக் கோட்டில் நெரிபட்டுக்கொண்டு நிற்க, மிஸ்ஸி எங்கே போனார்? கம்பி வேலிக்கு வெளியாலே, கொளுத்துகிற வெயிலில், கறுத்த குடையைப் பிடித்துக்கொண்டு முழுத் தூரமும் நடந்து மறுமுனைக்குப் போயிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், சட்டையில் குத்தியிருந்த தாதிமார் மணிக்கூட்டைப் பார்த்தபடி, தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அம்புலன்ஸ்காரரைக் குடைந்துகொண்டு நின்றார். ஒருத்தன் விழுந்தால் எத்தனை செக்கனில் போய்ச் சேருவீர்கள், யார் தலையைப் பிடிப்பது, யார் காலைப் பிடிப்பது என்று. என்னைக் கண்டதும் சொன்னது இது: "தொடங்கிறதை ஆயிரம் பேர் பாக்கினம். நிக்கிறதை ஆர் பாக்கினம், தம்பிராசா?"

அந்த நேரம் ஒரு சிங்களப் பெடியன் பிறேக் பிடித்து, வண்டி ஒரு ஆட்டம் ஆடி, எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றினான். முகத்தில் இரத்தமே இல்லை. மிஸ்ஸி குடையைத் தாழ்த்தி அவனைப் பார்த்து, "வந்திட்டியே, ராசா?" என்றார். அவனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டினான்.

நான் சும்மா இருக்காமல், அதென்ன மிஸ்ஸி அப்படிக் கேட்கிறியள் என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் அதைச் சொன்னார். இந்த மண்டபத்தில் என் மனைவி குணலட்சுமியைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

என் மகன் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அந்த வண்டிக்கு வேகம் கூட்டிக் கொடுத்தவன் வேறு யாருமில்லை, இதோ நிற்கிற நான். படலையில் நின்று, "அப்பா, போயிட்டு வாறன்" என்றான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, கையில் கார்புரேட்டர். ஓமடா என்றேன். நேர் றோட்டில் இன்னொருவனோடு சமமாக ஓடியவனுக்கு முன்னால், வயல் ஒழுங்கையிலிருந்து ஒரு உழவு இயந்திரம் ஏறியது. அவனுக்கு வயது இருபத்தொன்று. நான் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பத்து நிமிடம்.

அவனைக் கட்டிலில் ஏற்றியதும் மிஸ்ஸிதான். அதை நான் அறிவேன். அறியாததை அந்த ஓடுபாதையின் முனையில் வைத்துச் சொன்னார். கண்ணை மூட முதல் அவன், அப்பா வந்திட்டாரோ என்று கேட்டானாம். "வந்திட்டார் எண்டு சொன்னனான், தம்பிராசா. அண்டைக்கு நான் பொய் சொன்னனான். பிள்ளை அதைக் கேட்டிட்டுத்தான் கண்ணை மூடினவன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மன்னிப்பா? அந்தப் பொய்யைச் சொன்ன வாய்க்கு நான் எத்தனை பிறவி எடுத்து நன்றி சொல்லுவேன்? அந்த வெயிலில், அந்தச் சத்தத்துக்குள், ஐம்பத்திரண்டு வயது மனிசன் நான் அவருடைய குடைக்குள் நின்று அழுதேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. இரண்டிரண்டாக வண்டிகள் வந்து நின்றுகொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பிரதேச சபைக்கு எத்தனை நடை, பொலிசுக்கு எத்தனை கடிதம்! ஒரு தாதி மோட்டார் சைக்கிள் ஓட்டத்துக்கு அனுமதி கேட்கிறாரே என்று சிரித்தவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். மூன்று வருடம் அலைந்து முதல் போட்டியை வைத்தோம். மிஸ்ஸி போட்டது ஒரேயொரு சட்டம். வண்டியில் ஏறமுதல் ஒவ்வொருவரும் கைப்பேசியில் மிஸ்ஸிக்கு, "மிஸ்ஸி, வாறன்" என்று சொல்ல வேண்டும். மறுமுனையில் நின்ற பிறகு, "வந்திட்டியே?" என்று அவர் கேட்க, "ஓம்" என்று பதில் சொல்ல வேண்டும். கறுத்த குடை உயர்ந்தால்தான் அடுத்த இரண்டு பேர். இப்படியே போனால் பொழுதுபட்டுவிடும் என்று நான் புறுபுறுத்திருக்கிறேன். பொழுதுபடட்டும் என்பார்.

எட்டு வருடம். விழுந்தவர்கள் நாலு பேர். செத்தவர் ஒருவரும் இல்லை. அந்த நாலு பேரில் ஒருத்தி, நிவேதனா, அதோ பின்னால் நிற்கிறாள். அவள் விழுந்து பதினாலாவது செக்கனில் மிஸ்ஸியின் கை அவள் கழுத்தைப் பிடித்திருந்தது. அறுபத்தெட்டு வயது மனிசி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். இன்றைக்கு அந்தப் பிள்ளை நடக்கிறது என்றால் யாரால்?

ஒவ்வொரு வருடமும் மிஸ்ஸி என்னைக் கூப்பிடுவார், ஒருக்கால் இந்தப் பக்கம் வந்து நில்லுங்கோ தம்பிராசா என்று. ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு சாட்டு இருக்கும். செயின் தளர்வு, எண்ணெய் ஒழுக்கு. உண்மை என்னவென்றால், யாரோ பெற்ற பிள்ளைகள் வந்து நின்று, ஓம் வந்திட்டன் என்று சொல்வதைக் கேட்க எனக்கு மனத்தைரியம் இல்லை. எட்டு வருடமும் நான் தொடக்கக் கோட்டில்தான் நின்றேன். எங்கள் போட்டியில் ஒரு வண்டிகூட நிற்பதை நான் பார்த்ததில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மிரியம் பிள்ளை, இது உனக்கும் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மிஸ்ஸி எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஸ்கூட்டி ஸ்டார்ட் வருகுதில்லை, விடியக் கிளினிக்குக்குப் போகோணும் என்றார். என்ன கிளினிக் என்று கேட்டேனா? கேட்கவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டேனா? அதுவும் இல்லை. "ஓம் மிஸ்ஸி, பின்னேரம் வாறன்" என்றேன். என் கராஜிலிருந்து அவர் வீடு இரண்டு கட்டைத் தூரம்தான். பின்னேரம் ஒரு லொறி வந்தது. அதற்குள் தலையைக் கொடுத்தவன், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். செவ்வாய் காலை எட்டு மணிக்கு மிரியம் பிள்ளையின் அழைப்பு வந்தது.

எங்கள் எல்லோருக்காகவும் கடைசியில் போய் நின்ற மனிசிக்கு, அவருடைய கடைசியில் யார் நின்றது? வந்திட்டார் என்று பொய் சொல்லவாவது ஒருத்தர் இருந்தாரா? நான் வாறன் என்றேன். போகவில்லை. இதை எந்தப் பூமாலையைப் போட்டு மூடுவேன்?

செத்த வீடு முடிந்து மூன்றாம் நாள் போய் அந்த ஸ்கூட்டியைக் கழற்றினேன். பிளக் கரி பிடித்திருந்தது, வேறொன்றுமில்லை. துடைத்துப் பூட்டினேன். முதல் அழுத்திலேயே ஸ்டார்ட் வந்தது. ஐந்து நிமிட வேலை. அதை நிறுத்த மனமில்லாமல் எண்ணெய் தீருமட்டும் அவர் வீட்டு வாசல் குந்தில் இருந்தேன்.

மன்னிப்புக் கேட்க நான் இந்த மேடைக்கு வரவில்லை. கேட்டால் கொடுக்கக்கூடியவர் போய்விட்டார். தலைவர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறேன். போட்டி நடக்கும். இருபத்தேழாம் திகதி காலை ஏழு மணிக்கு நடக்கும். நாங்கள் நிறுத்தினால் பெடியள் நிற்க மாட்டார்கள், பழைய நேர் றோட்டுக்குப் போவார்கள். அங்கே மறுமுனையில் யாரும் நிற்பதில்லை. மிஸ்ஸியின் சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறாது. மிரியம் பிள்ளை அந்தக் குடையை எனக்குத் தந்திருக்கிறது. அம்புலன்ஸ் பக்கத்துக்கு இந்தத் தாதிப் பிள்ளைகள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கக் கோட்டைத் தலைவர் பார்த்துக்கொள்ளட்டும். மறுமுனையில் நான் நிற்பேன். கடைசி வண்டி நின்று, கடைசிப் பிள்ளை ஓமென்று சொல்லும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன். என் காலம் உள்ளவரை இதுதான் என் வேலை. எனக்குப் பிறகு யார் என்பதை இன்றைக்கே யோசித்து வையுங்கள், பிள்ளைகளே.

ஒன்று மட்டும் மிச்சம். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை. வாறன் என்ற சொல்லை அந்த வீட்டில் வைத்து வாயில் எடுக்கக் கூடாது. அன்றைக்கு நானும் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் படலையைத் தாண்டினேன். ஆனால் இது செத்த வீடில்லை, சனசமூக நிலையத்து மண்டபம். இங்கே சொல்லலாம். சொல்லிவிட்டு, இந்தத் தடவையும் போகாமல் விட்டால் நான் மனிசனில்லை.

மிஸ்ஸி, வாறன்.