நாலு வரிக்கு இடம்

— ஐம்பத்திரண்டு மணி நேரம், நாற்பது நிமிஷம். எண்ணிக்கிட்டே இருக்கேம்மா. திங்கக்கிழமை காலைல பத்து அம்பத்தஞ்சுக்கு மாஜிஸ்திரேட் எம்மவன விடுதலைன்னு சொன்னாரு. இன்னைக்குப் புதன், மணி மூணு முப்பத்தஞ்சு. உங்க நோட்டீஸ் பலகைல ஒட்டுன தீர்ப்புத் தாள்ல அவன் பேரு இன்னும் வரல.

— திங்கட்கிழமைத் தாளில பதினேழு வழக்கு இருக்கு, அங்கிள். வடிவாப் பார்த்தனீங்களோ?

— மூணு தடவ பார்த்தேன். கோழி திருடுனவன் இருக்கான், லைசென்ஸ் இல்லாம லோரி ஓட்டுனவன் இருக்கான். நாகையா மகன் செழியன், அவன் மட்டும் இல்ல. கோர்ட்டுக்குப் பிரஸ் ஆபீசர் நீங்கதான?

— நான்தான். குணபூசணி. இருங்கோ.

— உட்கார நேரமில்லம்மா. நாலேகாலுக்குக் கதவச் சாத்திருவீங்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அவன் வேலை செய்ற இலாகால விசாரணை. ஸ்டோர்ல செம்புக் குழாய் காணாம போச்சுன்னு கேஸ். எடுத்தவன் வேற ஆளுன்னு அவங்க சாட்சியே கூண்டுல ஏறிச் சொல்லிட்டான். ஆனா இலாகாக்காரன், விடுதலையானதுக்குக் கடுதாசி எங்கங்கிறான். கோர்ட்டு ஆர்டர் காப்பி வர மூணு வாரமாம். பேப்பர்ல வந்த நியூஸ், இல்லாட்டி உங்க முத்திரை குத்துன தாள், ரெண்டுல ஒண்ணு போதுமாம். ரெண்டும் இல்லன்னா வேலையும் போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு.

— பேப்பர்காரரைக் கேட்டிருக்கலாமே. நீங்களும் பேப்பரில இருந்த ஆள்தானே.

— அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

— நாகையா. முதலில கோர்ட்டு நிருபர், பிறகு செய்தி ஆசிரியர். இருபத்தாறு வருஷம்.

— ரிட்டையராகி ரெண்டு வருஷம் ஆச்சு. நேத்தே போயிக் கேட்டேன்லா. பசங்க தே தண்ணி வாங்கிக் குடுத்தானுங்க, ரொட்டி வாங்கிக் குடுத்தானுங்க. கடைசில, ‘கோர்ட்டுத் தாள்ல இருந்தாப் போடு, இல்லாட்டி ஒரு வரி போடாதேன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானண்ணே’ன்னு கேக்குறானுங்க. நான் என்னத்தச் சொல்ல. ரொட்டியத் தின்னுட்டு வந்தேன்.

— நல்ல விதிதான் போட்டிருக்கிறீங்கள்.

— குற்றம் சாட்டுன அன்னைக்கு போட்டோகிராபர் வந்தானே, அப்ப எந்தத் தாளப் பார்த்து வந்தான்? எம்மவன் சட்டையத் தூக்கி மூஞ்சிய மூடிக்கிட்டு ஓடுனான். அதை முதல் பக்கத்துல போட்டானுங்க. விடுதலையான அன்னைக்குக் கோர்ட்டுல நானும் தூங்கி வழிஞ்ச ஒரு போலீஸ்காரனும்தான்.

— சாட்டுற நாளுக்கு எல்லாரும் வருவினம். விடுற நாளுக்கு ஒருத்தரும் வரமாட்டினம்.

— அதுக்குத்தானம்மா உங்க தாளு. சுங்கை வேயில எங்க லைன் வீடுங்கள்ல இன்னும் அவன் திருடன்தான். விடுதலையாகியும் ஜன்னலத் தொறக்க மாட்டேங்கிறான். சோறு வச்சா வச்ச இடத்துலயே இருக்கு. அவன் பேரு விட்டுப் போயிருந்தா இப்பச் சேர்த்துருங்க. மனுஷங்கதான, தப்பு வரும்.

— தப்பு வரேல்லை. இடமில்லை.

— என்னது?

— தாளில இடமில்லை, அங்கிள்.

— பதினேழு வரிக்குக் கீழ பாதித் தாள் வெள்ளையாக் கெடக்கேம்மா.

— உங்கட பத்திரிகையிலயும் கிடந்தது. அறுபத்து நாலு, ஆகஸ்ட் பன்னிரண்டு, மூண்டாம் பக்கம். முடி வளர்ற தைலத்துக்கு அரைப்பக்க விளம்பரம். அதுக்குக் கீழ நாலு விரல் உயரத்துக்கு ஒண்டுமில்லை, வெறும் கோடு. நூலகத்தில போய் அளந்து பார்த்தனான். நாலு வரிச் செய்தி தாராளமா அடங்கும்.

— அறுபத்து நாலா. யாரும்மா நீங்க?

— அதே வருஷம் ஏப்ரல் மூண்டாந் தேதிப் பேப்பரும் வச்சிருக்கிறன். முதல் பக்கம். ‘லஞ்சம்: கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் கைது.’ படத்தில எங்கட அப்பா குனிஞ்சுகொண்டு நிக்கிறார்.

— சீவரத்தினம் சார்.

— ஓம்.

— நீ சீவரத்தினம் சார் மகளா. கிள்ளான்ல பெரியம்மா வீட்ல தங்கிப் படிச்ச பொண்ணு.

— அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?

— கேள்விப்பட்டேன்.

— மிச்சத்தையும் கேளுங்கோ. ஹார்டுவேர் கடைத் தம்புசாமியின்ட வழக்கில தமிழ்ச் சாட்சிகள் சொன்னதை இங்கிலீஷில சொன்னது அப்பா. அதை மாத்திச் சொல்லத் தம்புசாமியிட்ட இருநூறு வெள்ளி காசு வாங்கினாரெண்டு சாட்டினவை. போலீஸ் வந்து தலையணையைக்கூடக் கிழிச்சுப் பார்த்தது. இரண்டு வெள்ளிகூட அகப்படேல்லை. தம்புசாமி சாட்சி சொல்ல வராமல் இந்தியாவுக்குக் கப்பலேறிட்டார். ஆகஸ்ட் பதினொண்டு, விடுதலை. எங்கட பிரிக்பீல்ட்ஸில எல்லாருக்கும் ஏப்ரல் தெரியும். ஆகஸ்ட் ஒருத்தருக்கும் தெரியாது. கோயிலில அப்பா இருந்தால் பக்கத்தில இருக்கிறவை எழும்பிப் போயிடுவினம்.

— பழசு அதெல்லாம். விடும்மா.

— பரீட்சை பாஸ் பண்ணினதுக்கு அப்பா எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தவர். வழக்குக்குப் பிறகு கிள்ளானுக்கு என்னைப் பார்க்க வந்தாலும், நான் அதில வந்து இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார். மகளைப் பார்க்கவே வெக்கப்படுற மாதிரி ஆக்கி வச்சிட்டீங்கள்.

— நான் ஆக்கல.

— அம்மா உங்கட ஆபீசுக்கு மூண்டு தரம் வந்தவ. பச்சைக் குடையோட. பள்ளி லீவு, நான் படியில நிண்டனான், எனக்குப் பதிமூண்டு வயசு. மூண்டு தரமும் நீங்கள் வெளியில வந்து ஒரே மறுமொழிதான் சொன்னீங்கள். ‘இடமில்லம்மா.’ அறுபத்தாறில அப்பா செத்தார். அந்த அறிவித்தலுக்கு மட்டும் இடமிருந்தது.

— என்னையப் பிடிக்கத்தான் இந்த வேலைக்கு வந்தியா?

— இல்லை. படிச்சது கெமிஸ்ட்ரி, கிடைச்சது இது. ஆனால் ஒன்பது வருஷமா ஒவ்வொரு நாள் காலையிலயும் சாட்டுற பட்டியலில உங்கட பேரைத் தேடினனான். உங்களைக் காணேல்லை. பிப்ரவரியில உங்கட மகன் வந்தார்.

— அவன் உனக்கு என்னம்மா பண்ணான்?

— நாங்கள் உங்களுக்கு என்ன செய்தனாங்கள்?

— அவனுக்கு இருபத்து நாலு வயசு. ஒரு வரி கேக்குறேன். கால்ல விழவா?

— வேண்டாம். எங்கட அம்மாவும் அதைக் கேட்டவ. உங்கட மகன்ட வரி திங்கட்கிழமையே டைப் அடிச்சாச்சு, மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. முத்திரை குத்தேல்லை, அவ்வளவுதான். ஏன் அப்பான்ட விடுதலையைப் போடேல்லையெண்டு சொல்லுங்கோ. உண்மையான காரணம் சொன்னால் குத்துறன்.

— மறந்துட்டேன்.

— மூண்டு தரம் வந்து ஞாபகப்படுத்தினவ.

— எடிட்டர் வெட்டிட்டாரு.

— எடிட்டர் அந்த மாசம் மெட்ராஸில. உங்கட பேப்பரிலயே படம் இருக்கு, கழுத்தில மாலையோட.

— நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

— நாலு மணி, அங்கிள்.

— சரி. வேணும்னேதான் அந்த நாலு வரிய எடுத்தேன். கோர்ட்டு, ரயில்வே, ஆபீசுன்னு எங்க போனாலும் சிலோன்காரங்க நீங்கதான் நாற்காலில இருந்தீங்க. எங்களத் தோட்டத்தாளுங்கன்னு எளக்காரமாப் பார்த்தீங்க. ஒருத்தர் விழுந்தாரு, விழுந்த இடத்துலயே கெடக்கட்டும்னு விட்டேன். போதுமா?

— போதும். பத்தொன்பது வருஷமா நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். இந்தத் தாளில அப்பிடியே எழுதிக் கையெழுத்து வையுங்கோ. உங்கட மகன்ட வரிக்குப் பக்கத்தில இதையும் ஒட்டுறன். உங்கட பேப்பர்ப் பெடியங்கள் இரண்டையும் போடட்டும்.

— பேனாவக் குடு.

— இந்தாங்கோ.

— தேதி வேணுமா?

— வேணும். அம்மா வந்த மூண்டு தேதியும் தெரியும், சொல்லவோ? ஏன் எழுதாமல் நிப்பாட்டிட்டீங்கள்?

— ‘நான் வேண்டுமென்றே’ன்னு எழுதிட்டேன். அதுக்கு மேல வரல.

— உங்கட மகனை நினைச்சுப் பாருங்கோ.

— அவன நெனைச்சுத்தான் வாயால பொய் சொன்னேன். அது காத்தோட போயிரும். அச்சுக்குன்னு எழுத முடியலம்மா. சீவரத்தினம் சாரும் இதைத்தான் சொன்னாரு.

— அப்பா உங்களோட கதைச்சதே இல்லை.

— முத்திரையக் குத்திக் குடும்மா, நான் போயிர்றேன். இன்னொரு பத்தொம்பது வருஷம் என்னையத் திட்டிக்கிட்டு இரு. அது உனக்கு நல்லது.

— குத்தியாச்சு. பாருங்கோ, கையெழுத்தும் இருக்கு.

— கைய எடு. தாள் கிழியும்.

— சொன்னால் எடுக்கிறன்.

— வேணாம்மா. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு உங்கப்பா சத்தியம் வாங்கிட்டுப் போனாரு.

— நாலு பதினொண்டு. கிழிஞ்சால் இன்னொண்டு அடிக்க நேரமில்லை. அப்பா என்ன சொன்னவர்?

— விடுதலையான அன்னைக்குச் சாயங்காலம் ஆபீசுக்கு வந்தாரு. நாலு வரி எழுதி அச்சுக் கோத்தாச்சு, ‘நிரபராதி’ன்னு தலைப்பு. அதைப் படிச்சுட்டு, எடுத்துருங்க தம்பின்னாரு. நீ அளந்தியே நாலு விரல், அந்த இடத்துல இருந்து அவர் கண்ணு முன்னாலதான் எடுத்தேன். இருபத்திரண்டு வருஷம் சத்தியம் பண்ணிட்டு மொழிபெயர்த்தவன் பேருல அச்சுல பொய் வரக்கூடாதுன்னாரு. காசு வாங்கலன்னாரு, அது உண்மை. காசுக்குப் பதிலாத் தம்புசாமி கடைலேர்ந்து ஒரு சைக்கிள் வாங்கிக்கிட்டேன் தம்பி, எம்மக அதுலதான் பள்ளிக்கூடம் போறான்னாரு.