நீல நூல் கட்டிய சாவி

சாயங்காலம் ஆறே முக்கால். எண்பத்தொன்பதாம் வருஷம், நவம்பர் மாதம். ஆவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி குவார்ட்டர்ஸுக்குப் போகிற ரோடு... ஒரு பக்கம் ஃபேக்டரிச் சுவர், மறுபக்கம் முள்ளுக்காடு. ஆறு கம்பத்தில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் அழுது வடிந்துகொண்டிருந்தது. அந்த ரோட்டில் ஒரு பெண் தன்னந்தனியாக, ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள்.

பெயர் ஞானகுமாரி. நம் அந்தோணிராஜின் கூடப்பிறந்த அக்கா. அவன் இன்றைக்கு ஊரில் இல்லை, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். இருந்தால் எழுந்து போய்விடுவான். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை.

வீட்டில் ஏழு வயசு மகள் தெரசா தனியாக இருந்தாள், அதுதான் அந்த ஓட்டம். ஞானகுமாரிக்குச் சீருடை தைக்கிற வேலை. புருஷன் பால்ராஜ் டிரெயினிங் என்று ஜபல்பூர் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. பிள்ளை தனியாக இருப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவரைக்கும் பாஸ்கல் தாத்தா இருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்த பிளாக்கில் இருந்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, வேலூர் என்று திசைக்கு ஒருவராக வந்து சேர்ந்தவர்கள். புருஷனுக்கு ஒரு ஷிப்ட், பெண்டாட்டிக்கு ஒரு ஷிப்ட். பதினைந்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே தாத்தா. பதினைந்து வீட்டுச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் சாவிக்குச் சாவி ஒரு நிறத்தில் நூல் கட்டி வைத்திருந்தார். ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகளை அவரவர் வீட்டில் விட்டு, ஸ்டவ் அணைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, ஆளுக்கொரு கமர்கட் கொடுத்து, வெளியே பூட்டிவிடுவார்.

"ஊட்டு ஆளு வந்தாதான் தொறப்பேன். அதுவரிக்கும் சமத்தா இருக்கணும், இன்னா?"

பிள்ளை அழுது புரண்டாலும் திறக்க மாட்டார். வராந்தா ஜன்னலுக்கு வெளியே ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூக்குப்பொடி போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு விஷயத்தில் மனிதர் கல்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டார். பதினைந்து வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. சவப்பெட்டியை மூடும் முன்னால் அவர் மகன் சாவிக்கொத்தை அவிழ்த்து அவரவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஞானகுமாரி மட்டும், நீல நூல் கட்டின தன் வீட்டுச் சாவியைத் தாத்தாவின் சட்டைப் பையில் வைத்தாள். அவளிடம்தான் இன்னொரு சாவி இருந்ததே.

"இத நீயே வச்சிக்க தாத்தா. அவரு வர்ற வரிக்கும் எங்களப் பாத்துக்க."

சுற்றி நின்றவர்கள் விம்மி அழுதார்கள். அது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சாவியோடுதான் அவரைப் புதைத்தார்கள்.

சரி... அவள் ஓடி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு வருவோம். மூச்சு வாங்க மாடி ஏறினாள். ஸ்கூலுக்கு அனுப்பாமல், உள்ளே தாழ் போட்டுக்கொள் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் காலையில் போயிருந்தாள். கதவில், வெளிப்பக்கம், பூட்டு தொங்கியது.

வராந்தாவில் மூக்குப்பொடி வாசனை.

தன் சாவியால் திறந்தாள். தெரசா சாவகாசமாகப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"யாரு கண்ணு பூட்னது?"

"தாத்தாதான்."

எதிர் வீட்டு வனஜாவைக் கேட்டாள். "நான் பூட்டலக்கா. எனக்கு இன்னாத்துக்கு உன் பூட்டு?" என்றாள் அவள். ஞானகுமாரி உள்ளே வந்து தாழ் போட்டாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். பயம்தான். ஆனால் தாத்தாதானே என்று ஒரு ஓரத்தில் தைரியமாகவும் இருந்தது.

புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி, தாழை விலக்கிக் கதவை இழுத்தாள். வரவில்லை. வெளியே பூட்டியிருந்தது.

ஜன்னல் கம்பி வழியாகச் சாவியை வாங்கி வனஜா போட்டுப் பார்த்தாள். சாவி நுழைந்தது, திரும்பவில்லை. வனஜா புருஷன் கஜபதி ரம்பத்தோடு வந்தான். இரண்டு பிளேடு ஒடிந்தது, பூட்டில் ஒரு கீறல் விழவில்லை. கடப்பாரையால் நெம்பினான். கடப்பாரைதான் வளைந்தது. முதல் மாடி, ஒரே கதவு, ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி.

"இதுக்கு கேஸ் கட்டர்தான்க்கா. காலைல ஆளக் கூட்டிக்கினு வரேன்," என்றான். பகல் முழுக்க வனஜா கம்பி வழியாக இட்லியும் தண்ணீரும் கொடுத்தாள். பொழுது சாய்ந்ததும் அவளும் தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருட்டின பிறகு... வராந்தாவில் சர்ரக்... என்று ஸ்டூல் இழுபடும் சத்தம்.

ஞானகுமாரி ஜன்னலில் பார்த்தாள். ஒருவரும் இல்லை, ஸ்டூலும் இல்லை. பொடி வாசனை மட்டும் நெஞ்சை அடைத்தது. தெரசா போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையை ஆட்டினாள், சிரித்தாள். திரும்பி வந்தபோது அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வாயில் கமர்கட்.

ஞானகுமாரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. கதவில் மடார் மடார் என்று அடித்தாள்.

"தாத்தா, நான்தான் வந்துட்டேனே. தொற தாத்தா. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்."



"நீ கத்தாதம்மா," என்றாள் தெரசா. "அப்பா வந்தாதான் தொறப்பாராம். நீதான் அப்பிடிச் சொன்னியாம்."

ஞானகுமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால்ராஜ் வர இன்னும் பத்து நாள். அதுவரைக்கும் இந்த இரண்டு ரூமில்... காலையில் கட்டரும் வெட்டாவிட்டால்? பிள்ளைக்கு ஒன்று என்றால்? நாமே கேட்டு வாங்கிக்கொண்ட காவல், யாரிடம் போய்ச் சொல்வது? நடுச்சுவரில் இருந்த மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்காலிலேயே கிடந்தாள்.

மணி பத்து இருக்கும். தூங்கிக்கொண்டிருந்த தெரசா எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அப்பா கெளம்பிட்டாராம்மா," என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

ஞானகுமாரிக்கு உயிர் திரும்பி வந்தது. டிரெயினிங் சீக்கிரம் முடிந்திருக்கும், ரயில் ஏறியிருப்பார் என்று நினைத்தாள். தாத்தாவிடம் ஆத்திரப்பட்டதற்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். இரண்டு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம்.

விடியற்காலை நாலே முக்கால்...

டொக்.

பூட்டு திறக்கிற சத்தம். நாதாங்கி விலகுகிற சத்தம். கதவு ஒரு ஜாண் தானாக உள்ளே வந்து நின்றது. சில்லென்று காற்று. தெரசா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். சுவரோரம் நகர்ந்து, பாயில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டாள்.

ஞானகுமாரி வராந்தாவுக்கு ஓடினாள். "வந்துட்டீங்களா?" என்று மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிட்டாள். படியில் ஒருவரும் இல்லை. நாதாங்கியில் பூட்டு வாயைத் திறந்து தொங்கியது. அதில் ஒரு சாவி. ஈர மண் ஒட்டிய நீல நூல்.

கஜபதி ஆளைக் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்கு வந்தான். திறந்த கதவைப் பார்த்துவிட்டு திரும்பிப் போனான். ஒன்பது மணிக்குத் தந்தி வந்தது. புதன்கிழமை இரவு பத்து மணி... லாட்ஜ் ரூமில் நெஞ்சுவலி... டாக்டர் வருவதற்குள் பால்ராஜ் போய்விட்டார்.

வனஜாதான் படித்துச் சொன்னாள். கேட்டதும் ஞானகுமாரி போட்ட கூச்சலில் பிளாக்கே கூடிவிட்டது. உள்ளே தெரசா மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதே சுவரோரம், ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் கை பாயின் மேல் இல்லை. பாயிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில், எதன் மேலோ போட்டிருப்பது போல, வளைந்து கிடந்தது. மெதுவாக ஏறியது, இறங்கியது.

வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா அழும்மா... அப்பா இப்பதான் தூங்கறாரு."