மோந்து பாருங்க

"துரையோட வாயையும் மோந்து பாருங்கய்யா!"

துரையைப் பற்றி மட்டும் எதுவும் கேட்டுவிடாதே என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை செல்லசாமி வழியெல்லாம் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தார். அம்மாக்கண்ணு கேட்டேவிட்டாள்.

கிட்ட வந்து உட்காருங்கள். கதவைச் சாத்துங்கள். இது என்னோடு படித்த மீனம்மாவின் அத்தைக்கு நடந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, மாசி மாதம். சாயங்காலம் ஆறரை... இலங்கை மலைநாட்டில், றொசல்லப் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஆள் நடமாட்டமில்லாத மலைப்பாதை. முழங்கால் வரைக்கும் பனிமூட்டம். அம்மாக்கண்ணுவின் புருஷன் பழனியாண்டி காமன் கூத்து ஒத்திகைக்கு நடந்து போகிறார். ரதி வேஷம் அவருக்கு. காப்புக் கட்டியவர். கூத்து முடிகிறவரை கறியும் தொடக்கூடாது, சாராயமும் தொடக்கூடாது. கிளப்பில் குடித்துவிட்டு வந்த தோட்டத்துச் சின்னத்துரையின் கார் வளைவில் அவரை அடித்து, பாறையோடு வைத்து நசுக்கியது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துக்கார ஐயா யார் வாயை மோந்து பார்த்தார் தெரியுமா? கால் நசுங்கிக் கிடந்தவரின் வாயை. பக்கத்து நாற்காலியில் துரை, தலை தொங்க... அறை முழுக்க விஸ்கி நாற்றம். "கூலியாளிடம் சாராய வாடை" என்று எழுதினார் ஐயா. குடித்தவன் தானே வந்து விழுந்தான் என்றாகிவிட்டால் நஷ்டஈடு கிடையாது. அதற்குத்தான் அந்த ஒரு வரி. அம்மாக்கண்ணு கத்தியது அப்போதுதான்.

யாரும் துரையின் பக்கம் குனியவில்லை.

"என் வாயில என்னா வாடை புள்ள?" எட்டு நாளும் பழனியாண்டி இதையேதான் கேட்டார். ஒன்பதாம் நாள் போய்விட்டார். கையில் கட்டிய காப்பை அவிழ்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதோடேயே புதைத்தார்கள்.

பதினைந்து நாள் கழித்து, துணி வியாபாரி ஹலீம் நானா விடிகாலையில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார். தலைச்சுமையை இறக்காமலே கேட்டார்.

"வளைவுல ஒரு ஆள் நிக்கிறாரு தங்கச்சி. ஒரு கால இழுத்து... சர்ர்... சர்ர்ன்னு வந்தாரு. மூஞ்சிகிட்ட குனிஞ்சு, வாய மோந்து பாருங்க நானான்னாரு. குடிகாரன்னு நெனச்சு மூச்சப் புடிச்சுக்கிட்டேன். கடைசில பாத்தா கற்பூர வாசமும் மஞ்சள் வாசமும்! யாரு அது, உங்க பூசாரியா?"

லயத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு அது தபால்காரரிடம் கேட்டது. பால்காரரிடம் கேட்டது. கொழுந்தெடுக்கும் பெண்கள் கும்பலாய்ப் போனாலும், கடைசியில் நடப்பவளின் கன்னத்தில் சில்லென்று ஒரு மூச்சு...

அம்மாக்கண்ணுவிடம் மட்டும் வரவில்லை. மூன்று விடியல் தனியாகப் போய் வளைவில் நின்றாள். "வாங்க... நான் மோந்து பாக்குறேன்" என்றாள். தேயிலையிலிருந்து பனி சொட்டியது. அவ்வளவுதான். அவளிடம் நிரூபிக்க அவருக்கு என்ன இருக்கிறது?

நாலாம் நாள் காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு காகிதம், பக்கத்தில் மை. புருஷன் குடித்திருந்தான், வழக்குப் போட மாட்டேன் என்று கைநாட்டு வைத்தால் லயத்தில் அவளிருக்கும் காம்பரா அவளுக்கே. இல்லையென்றால் காலி செய்ய வேண்டியதுதான்.

"வெரல வைம்மா," என்றார் செல்லசாமி. "செத்தவன் கோர்ட்டுக்கு வரப் போறானா? நாளைக்கு நீ நடுரோட்டுல நிப்ப."

"நிக்கிறேங்க. அவரும் அங்கதான நிக்கிறாரு."

காகிதத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஹட்டன் கோர்ட்டுப் பெரக்கிராசியை, அந்த வக்கீலைப் பார்த்து வழக்குப் போட எட்டு மணி பஸ். முந்தின ராத்திரியே மாற்றுச்சேலையை மூட்டை கட்டியாகிவிட்டது. செல்லசாமி வாசல் கதவைத் திறந்து பிடித்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அவர் கதவை விடவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல், இன்னும் ஒருவர் ஒரு காலை இழுத்து, மெல்ல... மெல்ல... அவள் பின்னால் தாண்டிப் போகிற நேரம் வரைக்கும் அப்படியே நின்றார்.